எடை பாத்துட்டு வாங்கம்மா

எங்கள் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். நானும் அப்படித்தான். பயிற்சிப் பள்ளியின் வெள்ளை வண்டியில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை எப்போது மிதிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 'பிரேக் அக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. திட்டமாட்டார். "அந்த லாரிக்காரன் உன்னப் பாத்துப்பான்னு நெனைக்காத. அவனுக்கு அவன் வீட்டு நெனப்பு," என்பார். அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் யாரும் வண்டியைத் திருப்பியதில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை, மூல நோயாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டினார். கணவர் மரச்சாமான் கடையில் விற்பனையாளர். சாதுவான மனிதர், மனைவி தும்மினாலே பதறிப்போவார். அவர்தான் வற்புறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "வெளியில நர்ஸ்கிட்டப் போய் எடை பாத்துட்டு வாங்கம்மா," என்றார்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கணவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள புண்ணு இருக்கும்மா. மாத்திரையிலயே சரி பண்ணிடலாம்," என்றார் டாக்டர். அக்கா தன் எடையைச் சொன்னார். யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே நடந்தது இதுதான். மலக்குடலில் புற்றுநோய், அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, ஆனால் சில மாதங்களுக்கு வயிற்றில் ஒரு பை மாட்டி அதன் வழியாக மலம் போகவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அவ தாங்கமாட்டா டாக்டர். அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. மாத்திரையே குடுங்க," என்று கணவர் கும்பிட்டிருக்கிறார். டாக்டரும் தலையாட்டிவிட்டார். புதிதாக ஓட்டுகிறவர்களின் நடுங்கும் கைகளை நம்பி, நெரிசலான சாலையில் வருஷக்கணக்காக உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்திருந்த பெண் அவர். எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று அவரையே ஒரு வார்த்தை கேட்க அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மாத்திரை தொடங்கியது. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டாலே எரிந்தது. "சத்துக் குறைவு," என்றார் கணவர். வெளியூரில் படிக்கும் மகள் தினமும் போன் செய்தாள். "என்னடி, திடீர்னு அம்மா மேல பாசம் பொங்குது?" என்று அக்கா சிரித்தார். மகளுக்கும் விஷயம் தெரியும்.

மாத்திரையைக் கணவரே வாங்கிவந்து, அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். இப்படியே மாதங்கள் ஓடின. ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவரை எழுப்ப வேண்டாமென்று அக்காவே மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்குப் போனார். கடையில் இருந்தது ஓர் இளம்பெண்.

"யாருக்குக்கா, உங்க அம்மாவுக்கா?"

"ஏன் கேக்குற?"

"எடுத்துக் குடுக்குறவங்க கையுறை போட்டுக்கணும். கேன்சர் மாத்திரையில்லையா, வெறுங்கையில தொடக்கூடாது."

அக்கா தன் கைகளைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் உள்ளங்கை அப்படித்தான் உரியும்.

"அக்கா... உங்களுக்கா?"

"எனக்குத்தான் போலிருக்கு," என்றார் அக்கா.

அழவில்லை. மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக மாடியேறினார். தன் முறை வரும்வரை காத்திருந்து டாக்டர் அறைக்குள் போனார்.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"எனக்குக் கேன்சராமே டாக்டர். மருந்துக்கடைப் பொண்ணுக்குத் தெரியுது. எனக்கு எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்ல கேட்டுக்கிட்டாங்க. நீங்க மனசொடஞ்சு போயிடுவீங்கன்னு..."

"நோய் அவருக்கா, எனக்கா? மாத்திரைய விட்டா வேற வழியே இல்லையா?"

அவர் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று.

"ஆக, என் வயித்துல பை வைக்கலாமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேருமே பேசி முடிச்சிட்டீங்க. நான் வெளியில எடை பாத்துட்டு நின்னேன்!" அக்கா போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எழுந்து எட்டிப்பார்த்தார்கள்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி.

வீட்டில் கணவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். "பாசத்துல பண்ணிட்டேன். நீ அழுதா என்னால பாக்க முடியாது."

"எனக்குப் பதிலா நீங்களே அழுது முடிச்சிட்டீங்களே. எனக்கு அழக்கூட மிச்சம் வைக்கல," என்றார் அக்கா. மகள் போனில் விம்மினாள். "நீயுமாடி?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

வேறோர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போனார். அங்கே ஒரு பெண் டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டி, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். கட்டி வளர்ந்து ஆசனவாய்த் தசையைப் பிடித்துவிட்டது. முதலிலேயே அறுவை சிகிச்சை செய்திருந்தால் பை சில மாதங்களோடு போயிருக்கும். இனி ஆயுளுக்கும் வேண்டும்.

"யோசிச்சு நீங்களே சொல்லுங்கம்மா."

"யோசிச்சாச்சு. பண்ணிடுங்க."

பண்ணினார்கள். உடம்பு தேறி மறுபடியும் வண்டிக்கு வந்துவிட்டார். சட்டைக்குள் பை இருப்பதை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. நோய் முழுதாகப் போய்விட்டதா என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை.

முதல் ஆஸ்பத்திரியை அவர் விடுவதாக இல்லை. நிர்வாகியைப் பார்த்து, தன்னிடம் ஏன் மறைத்தார்கள் என்று கேட்டார். "வீட்டாள்கிட்டச் சொல்றது எல்லா எடத்துலயும் வழக்கம்தாம்மா," என்று அந்த ஆள் சிரித்தாராம். அக்கா திரும்பவும் போனார். இந்த முறை கணவரும் கூடப் போய், "மறைக்கச் சொன்னது என் தப்பு. சொன்ன உடனே உங்க டாக்டர் தலையாட்டினாரே, அது அதைவிடப் பெரிய தப்பு," என்று தன் வாயாலேயே சொன்னார். நிர்வாகி சிரிப்பை நிறுத்திவிட்டு, விசாரிப்பதாகச் சொன்னார். இதுவரை ஒரு பதிலும் இல்லை. அந்த டாக்டர் அதே அறையில்தான் இன்னும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.