மேல்மாடிக் கயிற்று மணி

கைபேசியில் அர்ஜென்டினா கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம் முடிந்தது. அப்போது பால்கனியில் கயிற்று மணி கிணுகிணுத்தது.

அதே மணிதான். பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, சித்தப்பாவுடையது நான்காம் மாடி. என் சிறுவயதில் அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சே கிடையாது. விளையாட்டுப் பத்திரிகை மட்டும் ஒன்றுதான். அப்பா படித்துவிட்டு, எங்கள் பால்கனியைத் தாண்டித் தெருவரை தொங்கும் சித்தப்பாவின் மணி கட்டிய கயிற்றில் மாட்டிவிடுவார். அவர் இழுத்துக்கொள்வார்.

ஒரு வருடம் இருவருடைய அணிகளும் கடைசி வாரம்வரை சம புள்ளியில் நின்றன. சித்தப்பாவின் அணி ஒரே கோலில் பட்டத்தை இழந்தது. அப்பா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலிருந்து மணி பொறுமையில்லாமல் ஆடியது.

"மாட்டிவிடுங்கப்பா, சித்தப்பா காத்துக்கிட்டிருக்காரு."

"இத எப்பிடிடா கயித்துல அனுப்புறது?" என்று கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறினார்.

கொஞ்ச நேரத்தில் மேலே சித்தப்பாவின் குரல் கேட்டது: "உக்காருண்ணே. லப்பேயே டீ குடிச்சிட்டுப் போ."

இப்போது அப்பா இல்லை. சித்தப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. முடிவு கேட்டு மணியை மறுபடியும் ஆட்டுகிறார். இந்த முறையும் அவருடைய அணிதான் தோற்றிருக்கிறது.

கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.