ரொட்டி நல்லா இருந்திச்சாம்

வெளிநாட்டிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு ஊழியம் செய்ய வந்த குழுவுக்குப் பத்து நாளும் நான்தான் வாய். மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, அவர்கள் சொன்னதைத் தமிழிலும் எங்கள் சனம் சொன்னதை இங்கிலீஷிலும் சொல்லியே தொண்டை கட்டிப்போனது. நல்ல மனிதர்கள்தான். அட்டை கடித்தும் முகம் சுளிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் மேட்டு லயத்து அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனோம். கொழுந்தெடுக்கிறவர். தேங்காய் ரொட்டி சுட்டு, மிளகாய் இடித்த கட்டச்சம்பலோடு கொடுத்தார். குழுத் தலைவி அவர் கையைப் பிடித்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். அக்கா உடைந்துபோனார். புருஷன் குடித்துவிட்டு அடித்த காலத்தில், ஒருநாள் சாகத் துணிந்ததைச் சொன்னார். குடியை அவர் விட்டு எட்டு வருஷமாகிறது; அக்கா அன்றுவரை யாரிடமும் வாய் திறக்காத கதை. கேட்டுக்கொண்டிருந்த தலைவியும் அழுதுவிட்டார். தன் மகன் தன்னோடு பேசுவதே இல்லை என்று அவரும் சொன்னார்.

"டீச்சர், இது இந்தக் காம்பராவோட இருக்கட்டும்னு அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார் அக்கா. சொன்னேன். தலைவி தலையாட்டினார்.

கடைசி நாள் பிரியாவிடை ஆராதனைக்குச் சபை நிறைந்துவிட்டது. அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து, மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். தலைவி அக்காவை முன்னால் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். தங்கள் நாட்டுச் சபைக்குக் காட்ட, குழுவில் ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "நாங்கள் வந்தபோது இந்தச் சகோதரி இருளில் இருந்தார்" என்று தொடங்கிய தலைவி, குடி, அடி, சாகத் துணிந்தது எல்லாவற்றையும் மைக்கில் இங்கிலீஷில் சொல்லி முடித்து, உன் முறை என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கதையை இங்கிலீஷாக்கிக் கொடுத்த வாய் இதே வாய்தானே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அக்கா சுட்ட ரொட்டி நல்லா இருந்திச்சாம். சம்பல்தான் கொஞ்சம் ஒறப்பாம்," என்றேன்.

சபை சிரித்துக் கைதட்டியது. மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த பாஸ்டர் மட்டும் என் காதருகே வந்தார்.

"அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க டீச்சர். வந்தவங்க மனசு நோகும்."

"நோகட்டும் பாஸ்டர். இங்க நிக்கிறவங்களுக்கும் மனசு இருக்கு."

தலைவி பக்கம் திரும்பி, மிச்சம் இவருடைய கதை, நான் சொல்ல மாட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். அடுத்த வருஷம் வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'ஹஸ்பண்ட்' என்ற சொல் தெரியும், என் முகத்தைப் படிக்கவும் தெரியும். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"டீச்சர், நான் பேசுறத ஒன்னும் விடாம சொல்லுங்க," என்றவர் குழுவின் பக்கம் திரும்பினார். "பத்து நாளா இருட்டு இருட்டுன்னீங்க. இங்க கரண்டு போனாத்தான் இருட்டு. ஆண்டவர் உங்க கூட பிளேன்ல வந்தவர் இல்ல, முன்னமே இங்கதான் இருந்தாரு. இப்ப நீங்க பயணம் போறீங்க. தலையக் குனிங்க, நாங்க ஜெபம் பண்றோம்."

கரண்டைக்கூட விடாமல் சொன்னேன். பத்து நாளாக எங்கள் தலையில் கை வைத்து ஜெபித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் முழங்காலிட்டது தலைவிதான். முகம் சிவந்திருந்தது. அக்கா அவர் தலையில் கை வைத்து நீளமாக ஜெபித்தார். பாதியில் தலைவி, என்ன சொல்கிறார் என்று கண்ணைத் திறக்காமலே என்னிடம் கேட்டார்.

அக்கா சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்: "இவங்க வீட்டு விசயம் ஒன்னு இருக்கு ஆண்டவரே. அது உமக்குத் தெரியும். நான் இங்க சொல்ல மாட்டேன்."

தலைவி கண்ணைத் திறந்தார். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, அதை அழித்துவிடு என்றார்.