மீன் வயிற்றில் ஈயக்குண்டு

ஹாலிஸ் டிட்வெல்லின் முகத்தைவிட அவன் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். படகு அவனுடையது. அதனால் முன் இருக்கை அவனுக்கு, பின் இருக்கை எனக்கு. எங்கள் ஏரியில் அதுதான் வழக்கம். முன்னால் இருப்பவன் யாரும் தொடாத தண்ணீரில் தூண்டில் போடுவான், பின்னால் இருப்பவன் அவன் விட்டுவைத்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருடமாக அப்படி மிச்சம் மீதியில் மீன் பிடித்தவன் நான். அந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டு புழுங்கியதில்லை, அவன் காதுபடவே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"அப்ப நீ ஒரு படகு வாங்கிக்கோயேன், வெண்டல்" என்பான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. டெக்சாஸின் இந்தக் கிழக்கு மூலையில் பாதிப் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததற்கு அவன்தான் காரணம். அதை அவன் சொல்லிக்கொள்ள மாட்டான். பேச்சை எல்லாம் மனைவி நெல்டாவிடம் குத்தகைக்கு விட்டுவிட்டவன். படகில் காலை பத்து மணி ஆனால் கடுகு தடவிய இரண்டு ரொட்டிக்கு நடுவே ஒரு துண்டு இறைச்சி. அது ஒன்பதே முக்காலுக்கும் வராது, பத்தே காலுக்கும் போகாது.

தூண்டிலில் அவன் போடுவது ரப்பர் புழு ஒன்றுதான். மற்றவர்கள் பளபளக்கும் தகடு, மரத்தில் செய்த பொம்மை மீன் என்று பெட்டி பெட்டியாகச் சுமந்து வருவார்கள். இவன் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் புழு, ஆறு அங்குல நீளம், திராட்சை நிறம். அவ்வளவுதான். தூண்டில் நரம்பில் தோட்டா போன்ற ஓர் ஈயக்குண்டைக் கோத்து, அதற்குக் கீழே முள்ளைக் கட்டி, முள்ளின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே திருப்பிக் குத்தி மறைத்துவிடுவான். அப்படிச் செய்தால் அடிக்கட்டையிலும் பாசியிலும் மாட்டாது. அணை கட்டியபோது முழுகிப்போன காடு எங்கள் ஏரி. வேறு எதைப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் பெட்டி காலி.

புழு போட்டு பாஸ் என்ற பெருவாய் மீனைப் பிடிப்பது பொறுமைசாலிகளின் வேலை என்பார்கள். கிடையாது. அது சந்தேகப் பிராணிகளின் வேலை. புழு அடியில் ஊர்ந்து வரும்போது கல்லில் முட்டும், வேரில் உரசும், கிளையில் ஏறி இறங்கும். விரலுக்கு வரும் ஒவ்வொரு தட்டலையும் நீயா, நீயா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஹாலிஸுக்கு அது நன்றாக வந்தது. ஊர் அவனைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, சந்தேகம் அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தக் கதை இது. எண்பத்தெட்டாம் வருடம், இதே ஏரியில் நடந்த மீன்பிடிப் போட்டியில் அவன் அண்ணன் லமார், எடை கூடட்டும் என்று, பிடித்த ஐந்து மீன்களின் வயிற்றிலும் ஈயத்தைத் திணித்துத் தராசில் வைத்தான். பிடிபட்டான். அந்த மாதமே ஒக்லஹோமாவுக்குப் போய்விட்டான், பெயரை மட்டும் தம்பியிடம் விட்டுவிட்டு. ஹாலிஸ் அன்று படகிலும் இல்லை, கரையிலும் இல்லை. ஏதோ ஒரு பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஆனால் டிட்வெல் டிட்வெல்தானே. பெட்ரோல் போடப் போனால், "ஹாலிஸ், வண்டி பின்னாடி தாழ்ந்து கெடக்கே, ஈயமா?" என்பார்கள். தேவாலய விருந்துக்கு நெல்டா பீச் பழம் வைத்துச் சுட்டுக் கொண்டுபோன பலகாரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "டிட்வெல் வீட்டுதா, அதான் இந்தக் கனம்" என்றார்கள். ஹாலிஸும் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் கை ஓங்கியும் விட்டேன். மூக்கு உடைந்தது எனக்குத்தான், அது வேறு விஷயம்.

எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கமும் அவனிடம் இருந்தது. தீயணைப்புத் தொண்டர்கள் வருடா வருடம் மே மாதம் நடத்தும் போட்டிக்கு நாங்கள் இருவரும் ஜோடியாகப் போவோம். மீனைத் தராசில் வைக்கும் முன், யாரும் கேட்காமலே, "வயித்த அமுக்கிப் பார்த்துடுங்க" என்பான். ஒவ்வொரு வருடமும். ஒவ்வொரு மீனுக்கும்.

"நீ என்ன திருடனா? எதுக்குடா நீயே போய்த் தலையைக் குடுக்கறே?" என்று கத்துவேன்.

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டா வலிக்காது" என்றான் ஒருமுறை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடப் போட்டி. காலை பதினொன்றுக்குள் நான்கு மீன் படகின் தண்ணீர்த் தொட்டியில் இருந்தது, எல்லாம் சுமாரான மீன்கள். வடகரை ஓரம் தண்ணீரில் நிற்கும் பட்டமரங்களுக்கு நடுவே ஹாலிஸ் புழுவை விட்டான். நான் பின்னால் என் நரம்பில் விழுந்த சிக்கலைத் திட்டிக்கொண்டே பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் முதுகு சட்டென்று அசைவற்றுப் போனதைக் கவனித்தேன். நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. அவன் தூண்டில் கோலைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, இடுப்பிலிருந்து ஓர் இழுப்பு இழுத்தான். வலையை எடுக்க எனக்கு நேரமே கொடுக்கவில்லை. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்து அவனே தூக்கிவிட்டான். எட்டுப் பவுண்டு இருக்கும். இத்தனை வருடத்தில் எங்கள் படகில் ஏறிய மீன்களில் அதுதான் பெரியது.

"இப்பவாவது சிரிடா" என்றேன். சிரித்தான். என் சிக்கலைப் பிரிக்க நான் திரும்பிக்கொண்டேன். அவன் தொட்டியருகே குனிந்து மீனோடு கொஞ்ச நேரம் இருந்தான்.

மூன்று மணிக்குக் கரையில் எடை. எர்லீன் சைக்ஸ்தான் தராசுக்காரி, பள்ளிச் சமையலறையை முப்பது வருடம் ஆண்ட அம்மாள். ஊரில் எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அதனால் எல்லோருக்கும் அவளிடம் பயம் உண்டு. அதுவரை முதலிடத்தில் இருந்தவன் கேஸ் சிலிண்டர் போடும் க்ளீட்டஸ் ரட். எங்கள் பெரிய மீனைப் பார்த்ததும் அவன் மூஞ்சி சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"வயித்த அமுக்கிப் பார்த்துடுங்க, மிஸ் எர்லீன்" என்றான் ஹாலிஸ், வழக்கம்போல.

"தெரியும்பா, சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராதே" என்று அவள் பேச்சுக்கு அமுக்கினாள். கை நின்றது. மறுபடி அமுக்கினாள். மைக்கை அணைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "ஹாலிஸ், உள்ள கெட்டியா ஏதோ இருக்கு" என்றாள்.

தாழ்ந்த குரல் என்றாலும் எல்லோருக்கும் கேட்டது. வறுத்த கெளுத்தி மீனும் கையுமாக நின்ற கூட்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

"டிட்வெல் மீனாச்சே, இல்லாம இருக்குமா?" என்றான் க்ளீட்டஸ். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அவன்மேல் பாய வேண்டியவன் நான். பாயவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. தொட்டியருகே ஹாலிஸ் குனிந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நினைவு வந்தது. இருபத்தோரு வருடம் ஊர்ப்பேச்சு கேட்டவன், ஒரே ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாமே என்று தோன்றியது. அவனுக்காக மூக்கை உடைத்துக்கொண்ட நான், ஒரு நிமிடம் முழுதாக அவன் திருடன் என்று நம்பினேன்.

ஹாலிஸின் முகத்தில் ரத்தமே இல்லை. "எடுத்துப் பாருங்க" என்றான்.

"கீறினா செத்துடும்."

"கீற வேணாம். வாய் வழியா எடுங்க."

எர்லீன் ஈரத்துண்டில் மீனைப் படுக்கவைத்து, நீண்ட இடுக்கியை எடுத்தாள். பாஸ் மீனின் வாய் பெரிது, ஒரு கை முஷ்டி போகும். இடுக்கியைத் தொண்டைக்குள் மெதுவாக இறக்கி, தேடி, பிடித்து, இழுத்தாள். முதலில் வந்தது வெளிறிப்போன தடித்த ஒன்று, என் கட்டைவிரல் பருமன். என்னவென்று புரிய எனக்கு இரண்டு மூச்சு ஆனது. அது ஒரு ரப்பர் புழு.

எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். மீன் விழுங்கிய ரப்பர் புழு வயிற்றிலேயே கிடந்து ஊறி, நிறம் போய், இரண்டு பங்கு பருத்து, பழைய செருப்பு மாதிரி விறைத்துப்போகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இன்று காலை திணித்த புழு அப்படி ஆகாது. புழுவின் பின்னால் ஒரு சாண் அறுந்த நரம்பும், துருவில் பாதி கரைந்த முள்ளும், நரம்பில் நகராமலிருக்கப் பல்குத்தும் குச்சியால் இறுக்கப்பட்ட ஓர் ஈயக்குண்டும் வந்தன. யாரிடமோ நரம்பை அறுத்துக்கொண்டு தப்பிய மீன் அது.

எர்லீன் ஈயக்குண்டைத் துண்டில் துடைத்து வெயிலில் காட்டினாள். சிவப்பாக இருந்தது. தன் ஈயக்குண்டுகளுக்குச் சிவப்புப் பூசுகிறவன் இந்த ஏரியில் ஒருவன்தான். அப்படிப் பூசினால் மீன் ரத்தமென்று நினைத்து வரும் என்பது அவன் கணக்கு.

க்ளீட்டஸ் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்துக்குள்ளிருந்து அவன் மனைவி ஓனெட்டாதான் பேசினாள். "க்ளீட்டஸ், அது என்னோட நகப்பூச்சு."

அதன்பிறகு எழுந்த சிரிப்பை நான் என்னவென்று சொல்வது. எர்லீன் தராசில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். க்ளீட்டஸ் கைகளை விரித்துக்கொண்டு, "மார்ச்சுல அறுத்துக்கிட்டு ஓடிச்சு. பத்து பவுண்டு மீனு ஒண்ணு தப்பிச்சிருச்சுன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேனே, ஒருத்தர் நம்புனீங்களா?" என்றான்.

"எட்டு பவுண்டுதான், க்ளீட்டஸ்" என்றாள் எர்லீன், மீனை ஈயம் இல்லாமல் தராசில் வைத்து. அப்புறம் மைக்கைப் போட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஹாலிஸ் டிட்வெல், சுத்தம்" என்றாள். க்ளீட்டஸ் வந்து கை கொடுத்தான். "மன்னிச்சுக்கோடா" என்று சொன்னானா, முனகினானா, தெரியவில்லை. ஹாலிஸ் மீனைத் தானே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டான். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆழத்துக்குப் போயிற்று.

வீட்டுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது, ஆனால் அதன் ஒரு மூலை மட்டும் இறங்காமல் உறுத்தியது. ஐந்தாறு மைல் அப்படியே ஓட்டினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"ஹாலிஸ், அந்த அம்மா உள்ள ஏதோ இருக்குன்னு சொன்னாங்கல்ல, அப்ப நான்... நீதான் போட்டேன்னு நினைச்சுட்டேன்டா."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், இல்லை இனி படகில் ஏறாதே என்பான் என்று காத்திருந்தேன்.

"நானும்தான்" என்றான்.

"என்ன நானும்தான்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். தொட்டிக்கிட்ட குனிஞ்சிருந்தேனே, அப்ப என்ன செஞ்சேன்னு யோசிச்சுப் பார்த்தேன். சும்மா அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், அழகா இருந்துச்சு. ஆனா அந்த நிமிஷம் எனக்கே நிச்சயமில்ல, வெண்டல். எல்லாரும் இத்தனை வருஷமாச் சொன்னாங்களே, ஒருவேளை என் கை என்னைக் கேக்காம போட்டுருச்சோன்னு."

வண்டியைச் சாலை ஓரம் நிறுத்தினேன். அவன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ அப்போதுதான் திருப்பிக் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வதில்லை. நான் பிடித்துக்கொண்டேன். மரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.