நடக்கத் தெரியாத கிளட்ச்

நிறத்துக்காக ஒரு கிளட்ச் பிளேட்டை வாங்கியவன் நான். காருக்கு அடியில், இரும்புக் கூட்டுக்குள், எந்த மனுஷன் கண்ணிலும் படாமல் கிடக்கப்போகிற ஒரு தட்டு. செம்பாக மின்னுகிறதே என்று வாங்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், ஈப்போவில், கிராணி என்கிற குமாஸ்தா உத்தியோகம். சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத் துரை ஒருவர் விட்டுப்போன எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டி என்னிடம் இருந்தது. அது உறுமினால் தெரு நாய்கள் ஒதுங்கும். என் தம்பிக்கு ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண் எடுத்திருந்தோம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. தம்பி கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணே, தோட்டத்து கேட்டிலேருந்து கோயில் வரைக்கும், மேளத்துக்குப் பின்னால மெதுவா என்னைக் கொண்டு போனா போதும். பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால மானத்த வாங்கிடாத."

அரை மைல். நடை வேகம். அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

மெக்கானிக் சீனர், தோட்டத்தில் வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். மசகு அப்பிய மேசையில் இரண்டு பிளேட்டுகளை வைத்தார். ஒன்று வறட்டி மாதிரி இருந்தது. மற்றது பந்தயக் கார்களுக்கானது. ஆறு உலோகத் துண்டுகள், தேய்த்து வைத்த செம்புக் குடத்தின் பளபளப்பு.

"இத எடு லா," என்று வறட்டியைத் தட்டினார். "மெதுவா புடிக்கும், மெதுவா விடும்."

"அது?"

"அது புடிச்சா புடிச்சது, விட்டா விட்டது. நடுவுல ஒண்ணும் இல்ல. எந்தப் பந்தயத்துக்குப் போற?"

"கல்யாணத்துக்கு."

ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், பொண்ணு ஓடிருச்சா? துரத்தப் போறியா?"

நான் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளை வரிவிடாமல் படிப்பவன். எட்டு சிலிண்டர் பலத்துக்கு உலோகம்தான் ஈடு கொடுக்கும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். காதைக் குடைந்துகொண்டே கேட்டார். நான் கேட்டதையே மாட்டிக் கொடுத்தார்.

கல்யாணக் காலை. நாதஸ்வரம் தொடங்கியதும் பெடலைத் தளர்த்தினேன். வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி நின்றது. பின்னாலிருந்த தம்பியின் தலைப்பாகை முன் சீட்டுக்கு வந்தது. மறுபடி ஒரு தாவு. நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார். தவில்காரர் தாளத்தை விட்டுவிட்டு ரோட்டோரம் ஒதுங்கினார். பெடலைப் பாதி மிதித்து வண்டியை ஊர்ந்து போகவைக்கப் பார்த்தேன். இடது கால் தையல் மெஷினாக ஆடியது. முடி பொசுங்குகிற நாற்றம் வண்டிக்குள் ஏறி, சந்தனத்தோடும் வியர்வையோடும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தது.

"கதவத் தொற," என்றான் தம்பி.

இறங்கி, ஒரு செம்பனை மரத்தடியில், காலையில் தின்ற இட்லியைப் பெண் வீட்டார் பார்க்கக் கக்கினான். வாயைத் துடைத்தான், மாலையைச் சரிசெய்தான், மீதி தூரத்தை நடந்தே போனான். மேளமும் ஜனமும் அவனோடு போய்விட்டன. நான் புகையோடு உட்கார்ந்திருந்தேன்.

பந்தியில் பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்தில் இருபது வருஷமாக லோரி ஓட்டுபவர். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"விடுங்க லா. வண்டி பழகறப்ப எனக்கும் இப்படித்தான் குதிச்சுச்சு. லைசென்ஸ் எடுக்கறதுக்குள்ள சரியாயிடும்."