கிணற்றில் எட்டில் மூன்று

1984ஆம் ஆண்டு, வெங்காயம் நட்டு முடிந்த கையோடு, இணுவிலில் எங்கள் வீட்டில் என் சீதன உறுதிப் பத்திரம் எழுத நாள் வைத்தார்கள். அப்பாவும் மாப்பிள்ளை வீட்டாரும் பத்திரம் எழுதும் நொத்தாரிசும் விறாந்தையில் இருந்தார்கள். நான் அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். காது மட்டும் விறாந்தையில்.

எங்கள் பக்கத்தில் தோட்டக் காணி கொடுத்தால் போதாது, இறைக்கக் கிணற்றிலும் பங்கு எழுத வேண்டும். எங்கள் கிணற்றில் மூன்று குடும்பம் இறைத்தது. அதனால் கல்யாணம் பேசியபோது அப்பா மூன்றில் ஒரு பங்கு என்று வாயால் சொல்லிவிட்டார். நொத்தாரிசோ பழைய உறுதிப்படி எட்டில் மூன்று பங்கு என்று வாசித்தார்.

மாப்பிள்ளையின் தகப்பன் மெல்லச் செருமினார்.

"மூண்டிலை ஒண்டு எண்டுதானே கதைச்சனாங்கள். இப்ப எட்டாப் பிரிச்சுப் போட்டியள்."

நொத்தாரிசு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். வாசிப்பதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ. அப்பாவாவது கணக்குப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். எட்டு என்றதும் அவருக்கும் முகம் விழுந்துவிட்டது.

"குறையிறதுக்குச் சின்னவளின்ரை ரெண்டு பரப்புக் காணியையும் சேர்த்து எழுதுவம்" என்றார்.

சின்னவள் என் தங்கை. அவளுக்கென்று இருந்ததே அந்தத் துண்டுதான். கல்யாணம் குழம்பினால் அப்பா தாங்கமாட்டார். காணி போனால் தங்கையை யார் கட்டுவார்கள்?

தோட்டத்தில் இறைக்கிற மெசினை ஓடவிட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டுவது நான்தான். கிணறு எனக்கு எப்போதும் மணிக்கணக்குத்தான். தேநீர்த் தட்டத்தோடு வெளியே வந்தேன். பெண் வாய் திறக்கிற இடமல்ல அது. அதனால் அப்பாவைப் பார்த்தே கேட்டேன்.

"அப்பா, ஒரு பகலும் இரவும் இறைச்சால் இருபத்துநாலு மணித்தியாலம். அதிலை மூண்டிலை ஒண்டு எட்டு மணித்தியாலம். எட்டாப் பிரிச்சால் ஒரு பங்குக்கு மூண்டு மணித்தியாலம். எங்கடை மூண்டு பங்குக்கும் ஒன்பதெல்லோ வருது?"

மாமனாராக வரப்போகிறவர் விரல் மடித்து எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரமும் எண்ணினார். பிறகுதான் தேநீரை எடுத்தார்.

"ஓம், பிள்ளை சொல்லுறது சரி. ஒரு மணித்தியாலம் கூடத்தான். சின்னப்பிள்ளையின்ரை காணி எங்களுக்கு வேண்டாம்."

அப்பா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அடுப்படிக்குள் போனேன். அப்படியே தரையில் குந்தியிருந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதும்விட்டேன்.

அந்த இரண்டு பரப்பில்தான் தங்கை பிறகு வீடு கட்டினாள். எட்டைக் கேட்டு எல்லோரும் பயந்தார்கள், அதில் எங்களுடையது எத்தனை என்று பார்க்கத்தான் மறந்தார்கள். அவள் வீட்டுப் படலையைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சு வருகிறது.