பெரியசாமியின் வயிற்றுக் குழாய்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்: ஒரு பக்கம் டாக்டர், மறு பக்கம் நோயாளியின் சொந்தக்காரர்கள்.

வயிற்றில் ரப்பர் குழாயோடு படுத்திருந்தவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாகக் கட்டிலடியில் கிடந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் வார்டில் எனக்கு வேலை. டிரஸ்ஸர் என்று பெயர். ஜனங்களுக்கு நான் கம்பவுண்டர். ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி பெரியசாமியை அவர் மனைவி முத்தம்மாள் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். வயிற்று வலிக்கு விளக்கெண்ணெய் குடித்துக் குடித்து, குடல்வால் உடைந்த பிறகுதான் வந்தார்கள். டாக்டர் வயிற்றைத் திறந்து, குழாய் வைத்து, அதன் மறுமுனையைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் விட்டார். “சீழ் முழுக்க வெளியே வரணும். உள்ளே தங்கினா மறுபடி திறக்கணும், இந்த உடம்பு தாங்காது” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முக்காலி

வருகிறவர் போகிறவரெல்லாம் காலால் தட்டுகிறார்கள் என்று பாட்டிலைத் தூக்கி, கட்டிலைவிட உயரமான ஒரு முக்காலிமேல் வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் பேகம்பூர் காதர் பாய், தோல் வியாபாரி. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தார். வெகுநேரம் பாட்டிலையே பார்த்தவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சீழ் குழாயில் பாதி வழியிலேயே நின்றிருந்தது. அசடு வழிய, பாட்டிலை இறக்கிக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினேன்.

“தோலு ஊறப்போட்ட தொட்டிக்கு நாங்க ஓட்டைய அடியிலதான் வைப்போம் தம்பி. மேல வச்சா தண்ணி ஏணி போட்டா ஏறி வரும்?” என்றார் பாய்.

கிணறு

மறுநாள் பாட்டிலில் ஒரு சொட்டுகூட விழவில்லை. முத்தம்மாள் கஞ்சி வாங்கப் போயிருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தால், பெரியசாமி குழாயை மடக்கி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறார்! எனக்கு வந்ததே கோபம். ஆனால் அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. தன் உடம்புச் சத்தெல்லாம் அந்தப் பாட்டிலில் இறங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார் பாவம். அது சத்து இல்லை, சீழ், வெளியே வந்தால்தான் பிழைப்பீர்கள் என்று சொல்லி விரல்களைப் பிரித்துவிட்டேன். மனசில்லாமல்தான் விட்டார்.

“எந்நேரமும் எறச்சுக்கிட்டே இருந்தா கெணறு என்னத்துக்கு ஆகும் கம்பவுண்டரே? செத்த நேரம் ஊற விட்டேன்” என்றார்.

டாக்டர் வருகிற நேரம்

அதற்குப் பிறகு மூன்று நாள், டாக்டர் காலையில் பார்க்க வரும்போதெல்லாம் பாட்டில் காலி. சீழ் வற்றிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மதியத்தோடு என் வேலை முடிந்துவிடும். பிறகு பாட்டிலில் என்ன விழுந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. காய்ச்சல் மட்டும் விடவில்லை. டாக்டரும் குழம்பினார். “ஒண்ணும் வரலையே. குழாய் உறுத்திக்கூடக் காய்ச்சல் வரும். நாளைக்கு எடுத்துடலாம்” என்றார்.

மறுநாள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டேன். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் முத்தம்மாள் குத்தவைத்து உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து அந்தப் பாட்டிலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சாக்கடையில் ஒரு நாள் சீழ் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. “ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?” என்று கத்தினேன்.

“பெரிய டாக்டரு வார நேரத்துல இந்தக் கருமத்தையா அவரு கண்ணுல காட்டுறது? தெனமும் வெளக்கித்தான வைக்கிறேன்” என்றார் முத்தம்மாள் நிதானமாக.

பாட்டில் காலி என்பதால்தான் டாக்டர் குழாயை எடுக்கப் போகிறார் என்று சொன்னதும் அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, “எம் புருசன நானே கொல்லப் பாத்தேனே” என்று அழுதுவிட்டார். நான் வார்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். குழாயைப் பிடித்திருந்த தையலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்திருந்த டாக்டர் அதைத் தட்டில் திரும்ப வைத்தார். குழாய் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சீழ் நின்று, காய்ச்சலும் விட்டு, பெரியசாமி தானாகவே நடந்து போய் வண்டி ஏறினார். ஆனால் அன்று காலையில் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. முத்தம்மாளை டாக்டர் நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

“அந்தம்மா நமக்கு மரியாதை செஞ்சிருக்காங்க. பாட்டில் எதுக்குன்னு அவங்ககிட்ட நம்மள்ள யாராவது ஒருத்தர் சொன்னோமா?”

ஊரார் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் குழாய் வைத்து வெளியே எடுத்த எங்களுக்கு, கட்டிலடியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசத்தான் வாய் வரவில்லை.