மோட்டார்காரரும் இருநூறு மீட்டரும்

மோட்டார்காரரை நான் முதன்முதலில் போய்ப் பார்த்தது ஒரு கையெழுத்துக்காக. நான் வேலைக்கு மனுப் போட்டிருந்த இடத்தில், தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து ஒரு நற்சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அவருக்குச் சிரமம் வேண்டாமென்று நற்சான்றை நானே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு எடுத்துப் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதை அதில் மூன்று இடங்களில் சொல்லியிருந்தேன்.

அவருடைய அலுவலகம் கடைத்தெருவில், அவருடைய பழைய மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே செம்புக் கம்பியும் வார்னிஷும் கலந்த வாசனை கூடவே ஏறி வந்தது. மேலே ஒரு மேசை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், மனுக்கள் பிதுங்கும் ஒரு பீரோ. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என் தாளை முழுவதும் படித்தார். பதவியில் இருப்பவர் ஒருவர் தான் கையெழுத்துப் போடும் தாளைப் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இவ்வளவு நல்லவனாப்பா நீ?”

“ஆமாங்க.”

“யாரு எழுதினது?”

“நான்தாங்க.”

“அதானே பார்த்தேன்.” கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உன்னைப் பத்தியே இப்படி அள்ளி விடறவன், என்னைப் பத்தி எழுதினா எப்படி இருக்கும்! அந்த வேலை கிடைக்கலைன்னா இங்க வந்துடு, பட்டதாரி.”

அந்த வேலை கிடைக்கவில்லை. அவருடைய உதவியாளன் ஆனேன். பட்டதாரி என்பதே என் பெயராகிவிட்டது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அவர் எட்டாவதோடு பள்ளியை விட்டவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, வளர்த்தது அக்காதான். அக்காவுக்கு மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. தம்பியை ஒரு கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றப் பழக விட்டார். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, மிச்சம் பிடித்த சம்பளத்தில் ஊர்க்கோடியில், மலையடிவாரத்தில், இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டினார். சொத்து என்று அந்தக் குடும்பத்துக்கு இருந்தது அது ஒன்றுதான்.

மோட்டார்காரர் அரசியலுக்கு வந்ததே ஒரு வேடிக்கை. தண்ணீர் வராத ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரவைத்தவர் என்று பேர் வாங்கினார். அவரே சொல்லிச் சிரிப்பார்: “ஒண்ணும் பெருசா பண்ணலைப்பா. ஒரு வால்வைத் திருப்பி விட்டேன். பக்கத்துத் தெருவுக்கு நின்னு போச்சு. நல்ல காலம், அந்தத் தெரு வேற தொகுதி.”

கட்சி சீட்டுக் கொடுத்தது, காசு கொடுக்கவில்லை. கடைத்தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பாதிப் பிரச்சாரத்தில் அது கரைந்துவிட, வண்டிகள் கடை வாசலில் வரிசையாக நின்றன. அப்போதுதான் கல்குவாரி முதலாளி வந்தார். “டீசலை மட்டும் நான் பார்த்துக்கறேன் தம்பி. பதிலுக்கு எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றாராம். தேர்தல் கணக்கில் அது ‘நண்பர்கள் உதவி’ என்று ஒரு வரியாக ஏறியது. வண்டிகள் ஓடின. மோட்டார்காரர் ஜெயித்தார்.

முதல் மூன்று வருடம் அவர் சபையில் நன்றாகவே வேலை செய்தார் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். கேள்விகள் எல்லாம் நான் எழுதியவை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது அவருடையது. கிணற்று மோட்டார் மானியம், பேருந்து வராத சாலை, மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குக் கையுறை. கையுறை வந்த அன்று அக்கா போன் செய்து, “என்னடா, பெரிய மனுஷன் ஆயிட்ட போலிருக்கே” என்றார். அன்று முழுக்க மோட்டார்காரர் கால் தரையில் பாவவில்லை.

நான்காம் வருடம் அந்த மசோதா வந்தது. வெடி வைக்கும் குவாரிக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஐந்நூறு மீட்டர் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை இருநூறாகக் குறைக்கும் மசோதா. அக்கா வீட்டுக்கு மேலே இருந்த மலைமுகட்டுக்கும் வீட்டுக்கும் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. சட்டம் அப்படியே நிறைவேறினால் அக்காவின் தலைக்கு மேலே வெடி வெடிக்கும். அந்த மலையைக் குத்தகைக்கு எடுக்கக் காத்திருந்தவர் டீசல் முதலாளியேதான்.

“ஏற்கெனவே வீடு இருக்கற இடத்துல பழைய தூரமே இருக்கணும்னு ஒரு திருத்தம் எழுது பட்டதாரி” என்றார். ஒரே வாக்கியத்தில் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நல்ல வாக்கியம் அது. சபை நடைபாதையில் அமைச்சரைப் பிடித்துக் காட்டினோம். அவர் படித்துப் பார்த்து, “நியாயம்தான். நீங்க எழுந்து முன்மொழிங்க, நான் ஏத்துக்கறேன்” என்றார்.

சபையின் வழக்கம் இதுதான்: திருத்தத்தை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. சபாநாயகர் பெயர் சொல்லி அழைக்கும்போது எழுந்து நின்று ‘முன்மொழிகிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் திருத்தம் இல்லாத மாதிரிதான்.

முந்தின நாள் சாயங்காலம் முதலாளி அலுவலகத்துக்கு வந்தார். நான் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னை அவர் ஒரு நாற்காலியாகக்கூட மதிக்கவில்லை.

“நல்லா எதிர்த்துப் பேசுங்க தம்பி. என்னைத் திட்டுங்க, நான் வருத்தப்படவே மாட்டேன். ஊரு கேக்கட்டும்.”

“திருத்தம் கொடுத்திருக்கேன் அண்ணே.”

“தெரியும். கூப்பிடறப்ப மட்டும் எழுந்திருக்காதீங்க. அதை யாரு கவனிக்கப் போறா? அடுத்த வருஷம் தேர்தல். வண்டி எல்லாம் தண்ணியிலயா ஓடும்?”

மோட்டார்காரர் மேசை மேல் கிடந்த செம்புக் கம்பித் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். முதலாளி போன பிறகு என்னிடம், “நாளைக்குப் பேச்சு கொஞ்சம் காரமா இருக்கட்டும்” என்றார்.

மறுநாள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசினார் பாருங்கள்! “மலையைத் தின்னறவங்க வீட்டையும் சேர்த்துத் தின்னப் பார்க்கறாங்க” என்று அவர் கர்ஜித்தபோது எதிர்வரிசைகூட மேசையைத் தட்டியது. பிறகு திருத்தங்களின் நேரம் வந்தது. சபாநாயகர் அவர் பெயரைச் சொன்னார். அமைச்சர் திரும்பிப் பார்த்தார். மோட்டார்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டாம் தடவையும் அழைத்தார்கள். வார் இன்னும் சரியாகவில்லை. சபாநாயகர் அடுத்த பெயருக்குப் போனார். மசோதா நிறைவேறியது.

அந்தப் பேச்சு ஊரெல்லாம் கைபேசி கைபேசியாகச் சுற்றியது. கடைத்தெருவில் அவர் படத்தைப் போட்டு, ‘மலை காத்த குரல்’ என்று பேனர் கட்டினார்கள். அதைப் பார்க்காமலிருக்க அவர் பின்வாசல் வழியாக வரத் தொடங்கினார். யாராவது புகழ்ந்தால் எரிந்து விழுவார்: “வேற வேலை இல்லையா உனக்கு?” அதைத் தன்னடக்கம் என்று சொல்லி இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் மலையில் வெடிச்சத்தம் ஆரம்பித்தது. அக்கா வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் விரிசல் ஓடியது. அக்கா போன் செய்து தம்பிக்கே ஆறுதல் சொன்னார்: “நீ என்னடா பண்ணுவ, தொண்டை கிழியக் கத்தின. நாலு பேரு நல்லவங்களா இருந்தா எடுபட்டிருக்கும்.” அன்று மோட்டார்காரருக்கு வந்த சாப்பாடு பிரிக்காமலே திரும்பிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் மூட்டையும் கரண்டியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, “வா பட்டதாரி” என்றார். அக்கா வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு விரிசலைப் பூச ஆரம்பித்தார். நான் கலவை குழைத்துக் கொடுத்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து கேலி பண்ணிக்கொண்டிருந்தார். “சட்டம் போடறவரு சுவத்துக்குப் பட்டி போடறாரு. உங்க சபையில இதுக்குப் படி உண்டா?”

அவர் சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்தார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“அக்கா, அமைச்சர் ஒத்துக்கிட்டிருந்தாரு. நான் எழுந்து நின்னிருந்தா இந்த வீடு தப்பிச்சிருக்கும். கூப்பிட்டாங்க. நான் எழுந்திருக்கலை.”

“ஏன், கால் மரத்துப் போச்சா?” அக்கா இன்னும் விளையாட்டாகத்தான் கேட்டார்.

“குவாரிக்காரன் டீசல் போட்டான்க்கா. அடுத்த தடவையும் போடுவான்னு உட்கார்ந்துட்டேன்.”

அக்காவின் முகத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கொடியில் காய்ந்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, அடுக்கினார். கடைசித் துணியையும் மடித்த பிறகுதான் பேசினார்.

“என் வீடு போனா போகுது. இந்த வரிசையில பதினோரு வீடு இருக்கு. அவங்க எல்லாரும் உன் போட்டோவை மாட்டி வெச்சிருக்காங்க. என்கிட்ட மட்டும் சொல்லிட்டு நிம்மதியா போய்த் தூங்கலாம்னு பார்த்தியா? போய் அங்க சொல்லு.”

“சொன்னா சீட்டு போயிடும்க்கா.”

“போகட்டும்.”

கையில் சிமென்டோடு அவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் பின்னாலேயே போனேன். எல்லா வீட்டிலும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். ஒரு வீட்டில்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு பெரியவருக்குப் புரியவில்லை; “பரவாயில்லை தம்பி, நீங்க நல்லாப் பேசினீங்க” என்றார். அதுதான் மோட்டார்காரரை அழவைத்தது. ஒரு பெண் உள்ளே போய், சட்டமிட்ட படத்தைக் கழற்றி வந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

செய்தி அன்றே கட்சிக்குப் போய்விட்டது.

இப்போது அவருடைய பதவிக்காலத்தில் ஏழு மாதம் மிச்சமிருக்கிறது. தொகுதிக்கு வேறு ஆளைக் கட்சி பார்த்துவிட்டது. அந்தப் புது ஆளுக்கும் டீசலை முதலாளிதான் போடுகிறார். மோட்டார்காரர் பழைய தூரத்தைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டு, தன் பெயரில் ஒரு தனிநபர் மசோதா கொடுத்திருக்கிறார். அதை நான்தான் எழுதினேன். அப்படிப்பட்ட மசோதாக்களைப் பாதி நாற்காலி காலியாக இருக்கும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில்தான் எடுப்பார்கள். இன்னும் முறை வரவில்லை. வரிசையில் நான்கு வீடுகள் காலியாகிவிட்டன. அவற்றில் ஒன்று அக்காவுடையது. அக்கா மருத்துவமனைக்குப் பின்புறம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். ஞாயிறு தவறாமல் தம்பி போகிறார். அக்கா கதவைத் திறக்கிறார், தண்ணீர் கொடுக்கிறார். சபையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.